ப்ளோயரைக் கடைசியா வாங்குங்க

எங்க எஸ்டீமின் மூணாவது பிஸ்டன் இப்போ என் மேஜை மேல பேப்பர் வெயிட்டாக உட்கார்ந்திருக்கு. முதல் ரிங்குக்கும் ரெண்டாவது ரிங்குக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கும், ரிங் லேண்ட் என்பார்கள். அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு காணோம். போகிற வழியில் சிலிண்டர் சுவர் முழுக்கக் கீறிவிட்டுப் போயிருக்கு. ப்ளோயர் மாட்டிச் சரியாகப் பதினோராவது நாள்.

"எல்லாரும் ஏஐ பத்தியே எழுதித் தர்றாங்க, மெக்கானிக்கல் பசங்க யாராவது கார் பத்தி எழுதுங்கடா" என்று எடிட்டர் கேட்டதால் எழுதுகிறேன். பன்னிரண்டாவது வரை இங்கிலீஷ் மீடியம். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

கதை நடந்த இடம் கொண்டப்பநாயக்கன்பட்டி. ஏற்காடு அடிவாரம். நண்பன் வீட்டு மாட்டுக்கொட்டாயில் பாதி மாட்டுக்கு, பாதி எங்களுக்கு. நாங்கள் மூணு பேர். 45,000 ரூபாய்க்கு ஒரு பழைய மாருதி எஸ்டீம் வாங்கினோம். 1298 சிசி, 16 வால்வு, புதுசாக இருந்தபோது 85 குதிரைத்திறன். அதற்கு ஒரு சூப்பர்சார்ஜர் மாட்டி நூறைத் தாண்டணும் என்பது கனவு. புதுப்பேட்டைக்குப் போய் ஜப்பானிய சின்ன கார்களுக்கு வரும் ஐசின் ஏஎம்ஆர்500 ப்ளோயர் ஒண்ணைப் பழசாக 27,000 ரூபாய்க்குப் பிடித்தோம். அந்தக் காசு நண்பனின் அம்மா எடுத்த சீட்டுப் பணம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், யூடியூபில் பில்ட் வீடியோ போடுகிறவர்கள் யாரும் இந்த வரியைச் சொல்வதில்லை.

சிஎஸ்இ நண்பர்களுக்காகச் சின்ன விளக்கம். இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்குதோ அவ்வளவு பெட்ரோலைத்தான் ஒழுங்காக எரிக்க முடியும். காற்றை அதுவாக இழுக்க விடாமல், பெல்ட்டில் ஓடும் ஒரு பம்ப் வைத்துத் திணித்தால் அதுதான் சூப்பர்சார்ஜர். நம்ம ஊரில் இதைப் பார்க்காதவர்களே கிடையாது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி தெருவுக்கு வந்தால் காது கிழிகிற மாதிரி ஒரு கம்ப்ரஸர் ஓடுமே, அதற்குள் ரெண்டு ஸ்க்ரூ ஒன்றையொன்று கவ்விச் சுற்றுகிறது. சூப்பர்சார்ஜரில் ட்வின் ஸ்க்ரூ என்று ஒரு வகை உண்டு, அதே தத்துவம்தான். இன்னொரு வகை ரூட்ஸ். 1860-ல் அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கியது, முதலில் இரும்பு உருக்கும் உலைக்குக் காற்று ஊதியது. எங்களுடையது ரூட்ஸ் வகை. (ரிக் கம்ப்ரஸரையே காரில் வைக்கலாமே என்று கேட்காதீர்கள். அது ஆயில் கலந்து சுற்றும், அந்தக் காற்று இன்ஜினுக்கு ஆகாது. தவிர அது காரின் டிக்கிக்குள் அடங்காது, கார்தான் அதற்குள் அடங்கும்.)

நண்பனின் மாமா ஒருவர் ரிக் வைத்திருக்கிறார். 1100 சிஎஃப்எம், 300 பிஎஸ்ஐ கம்ப்ரஸர். எங்கள் ப்ளோயரைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "கூலர் எங்க மாப்ளே?"

நாங்கள் சிரித்தோம். கூலர் அப்புறம் வாங்கிக்கலாம் மாமா, முதலில் சத்தம் வரட்டும் என்றான் நண்பன். "எங்க வண்டில காலைல முத வேலையே கூலர்ல தூசி ஊதறதுதான். டெம்பரேச்சர் ஏறுச்சுன்னா அதுவே ட்ரிப் ஆயிரும். உன்றது ட்ரிப் ஆகுமா?" என்றார்.

ஆகவில்லை. அதுதான் பிரச்சினை.

அவர் கேட்ட கேள்வியைப் பிஸ்டன் உடைந்த பிறகு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். மூணாவது செமஸ்டர் தெர்மோடைனமிக்ஸ், நாம் எல்லாரும் சூத்திரத்தை மனப்பாடம் பண்ணி எழுதிப் பாஸ் ஆன அதே பாடம். சேலத்தில் ஏப்ரல் மத்தியானம் 40 டிகிரி என்று வையுங்கள். காற்றை 1.4 மடங்கு அழுத்தத்துக்கு, அதாவது 0.4 பார் பூஸ்ட்டுக்கு அமுக்குகிறோம். சூத்திரப்படி 32 டிகிரி ஏறணும். ஆனால் சின்ன ரூட்ஸ் ப்ளோயரின் எஃபிஷியன்சியை 55 சதவீதம் என்று எடுத்தால் ஏறுவது 57 டிகிரி. ஆக இன்ஜினுக்குள் போவது 97 டிகிரிக் காற்று. கிட்டத்தட்ட கொதிக்கிற வெந்நீர்.

இதில் எனக்கு உறைத்த விஷயம் வேற. சூடான காற்று விரியும். அழுத்தம் 40 சதவீதம் கூடியிருக்கு, ஆனால் உள்ளே போன காற்றின் எடை வெறும் 18, 19 சதவீதம்தான் கூடியிருக்கு. மீதியெல்லாம் சூடு. டேஷ்போர்டில் ஆசை ஆசையாக ஒட்டிவைத்த பூஸ்ட் கேஜ் காட்டியது பாதிக்குப் பாதி வெறும் உஷ்ணம். அதே காற்றை இன்டர்கூலர் வழியாக விட்டு 60 டிகிரிக்கு இறக்கியிருந்தால் 31 சதவீதம் கூடியிருக்கும். பழைய டீசல் கார்களின் இன்டர்கூலர் ஸ்கிராப் கடையில் கிடைக்கும். நாங்கள் கேஜுக்குச் செலவு பண்ணின காசில் பாதிகூட ஆகியிருக்காது.

சூட்டின் அடுத்த வேலை நாக்கிங். பிளக் பொறி வைத்த பிறகு, மூலையில் இருக்கிற கலவை தானாக வெடிப்பது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின சத்தம் வரும். எங்களுக்கும் வந்தது. ஸ்டீரியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டோம்.

இன்ஜினைப் பிரித்துப் போரிங் பட்டறைக்கு எடுத்துப் போனோம். லாரி இன்ஜின்களுக்கு ரீபோர் பண்ணும் பட்டறை. அந்த அண்ணன் முதலில் பிஸ்டனைப் பார்க்கவே இல்லை, ரிங்கின் ரெண்டு நுனியையும் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "நுனி பளபளன்னு இருந்தா ரிங் முட்டியிருக்குன்னு அர்த்தம் தம்பி. இது முட்டல." அப்புறம் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் மாதிரி ஒட்டியிருந்த புள்ளிகளைக் காட்டினார். பிஸ்டனின் அலுமினியம்தான் அது. "வெடிச்சிருக்கு. பெட்ரோலும் பத்தல, டைமிங்கும் முன்னாடி இருக்கு. ப்ளோயர் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு."

கடைசி வரியை அவர் கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியலை. ஆனால் இந்தக் கட்டுரையின் கருத்து அதுதான். உடைந்தவை எல்லாம் ப்ளோயரைச் சுற்றி இருந்தவை. ஒரு சூப்பர்சார்ஜ்டு இன்ஜினுக்குப் பார்ட்ஸ் தேர்வு செய்வது என்றால் நாம் எல்லாரும் ப்ளோயரிலிருந்து ஆரம்பிக்கிறோம். அதைக் கடைசியாக வாங்கணும். முடிந்தால் ஆறு மாசம் கழித்து.

நான் சொன்னால் நம்ப வேண்டாம், கம்பெனிகள் என்ன செய்தன என்று பாருங்கள். 2002-ல் வந்த மினி கூப்பர் எஸ் காரில் 1.6 லிட்டர் இன்ஜின், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். சாதா கூப்பரிலும் அதே 1.6 லிட்டர்தான், 115 பிஎஸ். எஸ் மாடல் 163. ப்ளோயரைத் தூக்கி மேலே வைத்ததால் 48 வந்துவிடவில்லை. சாதா கூப்பரின் கம்ப்ரஷன் விகிதம் 10.6. எஸ்-க்கு அதை 8.3-க்கு இறக்கினார்கள். பானெட்டில் வாய் திறந்து நேரே இன்டர்கூலருக்குக் காற்று விட்டார்கள். கியர்பாக்ஸையே மாற்றி 6 கியர் கொடுத்தார்கள். டொயோட்டாவும் 1986-ல் 4ஏ-ஜிஇசட்இ இன்ஜினில் இதையேதான் செய்தது: ஃபோர்ஜ்டு பிஸ்டன், 8-க்கு 1 கம்ப்ரஷன், இன்டர்கூலர்.

ஜப்பான், இங்கிலாந்து எல்லாம் தூரம் என்றால் நம்ம மாருதி. 2017-ல் பலேனோ ஆர்எஸ் வந்தது. 998 சிசி டர்போ, 100 சொச்சம் பிஎஸ். அது டர்போ, எங்களுடையது சூப்பர்சார்ஜர், இருக்கட்டும். சாதா பலேனோவுக்குப் பின்னாடி டிரம் பிரேக். ஆர்எஸ்-க்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க். கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி-யிலும் 114 பிஎஸ் டர்போவோடு கியர் விகிதம், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் கூடவே மாறின. பவரை ஏற்றுகிறவன் முதலில் எதைத் தொடுகிறான் என்று இதிலிருந்து தெரியுது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி. மாருதியே ஷோரூமில் வாரண்டியோடு 100 பிஎஸ் டர்போ கார் தரும்போது மாட்டுக்கொட்டாயில் உனக்கு என்னடா வேலை? எங்க அப்பா கேட்டது. நேர்மையான பதில்: கத்துக்கத்தான். லோன் போட்டு வாங்கின காரில் ரிங் கேப் அளக்க யாரும் விடமாட்டார்கள்.

ரிங் கேப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆகணும், மன்னித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ரிங் முழு வளையம் இல்லை, ஓரிடத்தில் வெட்டு இருக்கும். சூட்டில் ரிங் நீளும்போது அந்த இடைவெளி மூடிக்கொள்ள வரும். பூஸ்ட்டில் சூடு அதிகம், நீளமும் அதிகம். ரெண்டு நுனியும் முட்டிக்கொண்டால் ரிங் போக இடமில்லாமல் சிலிண்டர் சுவரைக் கவ்வும், ரிங் லேண்டைப் பெயர்த்தெடுக்கும். அதனால் பூஸ்ட் இன்ஜினுக்குப் போர் விட்டத்தில் ஆயிரத்துக்கு நாலரை முதல் அஞ்சு பங்கு இடைவெளி விடுவது வழக்கம். எஸ்டீமின் போர் 74 மிமீ. ஆக 0.33 முதல் 0.37 மிமீ. இதற்கு ஆகும் செலவு? ஒரு ஃபீலர் கேஜ், ஒரு சின்ன அரம், ஒரு நாள் பொறுமை. பட்டறை அண்ணன் ஃபீலர் கேஜை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இறுக்கத்தை விரலில் உணர்ந்து "இன்னும் ஒரு இழுப்பு" என்கிறார். நான் நாலு வருஷம் படித்த மெட்ராலஜி லேப் ஒரு பக்கம், அந்த ஒரு இழுப்பு ஒரு பக்கம்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடலையா என்று கேட்பீர்கள். நாலு பிஸ்டனுக்குச் சொன்ன விலை காரின் விலையைவிட ஜாஸ்தி. அதனால் சாதா ஓவர்சைஸ் பிஸ்டன்தான். அதற்குப் பதில் பூஸ்ட்டை 0.3 பாருக்குமேல் விடப்போவதில்லை. காசில்லையென்றால் பூஸ்ட்டைக் குறை, பிஸ்டனைத் திட்டாதே. கணக்கு எளிதுதான்: எஸ்டீம் ஒரு சுற்றுக்கு இழுக்க வேண்டியது 650 சிசி, நிஜத்தில் 550 என்று வையுங்கள். ப்ளோயர் ஒரு சுற்றுக்கு 500 தள்ளும். நாங்கள் கிராங்கின் ஒரு சுற்றுக்கு ப்ளோயர் ஒன்றரைச் சுற்று சுற்றுகிற மாதிரி சின்ன புல்லி போட்டோம், 750. இன்னும் சின்னதாக ஒரு புல்லியை லேத்தில் கடைந்து வைத்திருந்தோம் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கு. இந்த முறை பெரிய புல்லி.

பெட்ரோல். இப்போ பங்க்கில் வருவது இ20. எத்தனால் நாக்கிங்குக்கு நல்லதுதான், ஆனால் அதே காற்றுக்குச் சாதா பெட்ரோலைவிட ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக ஊற்றணும். பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் அதற்காகச் செய்ததும் இல்லை. 110 குதிரைத்திறனுக்குப் பூஸ்ட் இன்ஜின் மணிக்குச் சுமார் 30 கிலோ பெட்ரோல் கேட்கும். நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்து, 80 சதவீதத்துக்குமேல் திறந்து வைக்கக் கூடாது என்று கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 210 சிசி தரணும். இ20-க்கு 225, 230. பழைய இன்ஜெக்டர் எவ்வளவு தரும் என்று நாங்கள் அளக்கவே இல்லை. ஒரு பாட்டிலும் ஸ்டாப்வாட்ச்சும் போதும் அதற்கு. பழைய ஈசியூவும் வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே ஒன்றை எதிர்பார்த்துச் செய்தது கிடையாது, பூஸ்ட் வந்ததும் அதற்குக் கண் தெரியாது. இப்போ ஈசிஇ நண்பன் ஸ்பீடுயினோ போர்டு கட்டிக்கொண்டிருக்கிறான், நாக் சென்சாரோடு. க்ளட்ச், மல்டி லேயர் ஸ்டீல் ஹெட் கேஸ்கெட், ஒரு படி குளிர்ந்த பிளக், இதெல்லாம் எல்லா வீடியோவிலும் இருக்கு, பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோக்களில் இல்லாதது பிரேக்.

பிஸ்டன் போனது பதினோராவது நாள் என்றேன். ஒன்பதாவது நாள் ஏற்காடு போனோம். சேலம் பக்கம் 20 ஹேர்பின் வளைவு. ஏறும்போது சொர்க்கம், ரெண்டாவது கியரில் ப்ளோயரின் ஊளை மலையில் மோதித் திரும்பி வந்தது. (மேலே போகப்போக காற்று லேசாகும், கேஜும் இறங்கும். ப்ளோயர் தள்ளுவது அளவைத்தான், எடையை அல்ல.) இறங்கும்போது இறக்கத்துக்கு ப்ளோயரே தேவையில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியே வரும்போது ஒரு மிதி, அடுத்த வளைவுக்கு முன்னாடி ஒரு பிரேக். பாதி மலையில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆச்சு. இன்னும் ரெண்டு வளைவு தாண்டியதும் தரை வரைக்கும் போச்சு.

முதல் கியர், ஹேண்ட் பிரேக், ஓரமாக ஒரு மண்மேடு. நிறுத்தினோம். யாரும் பேசலை. ஒரு குரங்கு வந்து பானெட்டில் உட்கார்ந்து, சுட்டதும் குதித்து ஓடியது.

காரும் ஆளுமாக 1000 கிலோ. அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1200 மீட்டர். இறங்கும்போது தொலைக்க வேண்டிய ஆற்றல் மூணேகால் யூனிட் கரண்ட்டுக்குச் சமம். ஆயிரம் வாட் அயர்ன்பாக்ஸை மூணேகால் மணி நேரம் ஓடவிடுகிற சூடு. அதை இன்ஜினும் காற்றும் பிரேக்கும் அரைமணி நேரத்தில் பங்கு போட்டுக்கொள்கின்றன. நாங்கள் பிரேக்கின் பங்கைக் கூட்டிவிட்டோம். டாட் 3 பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் 205 டிகிரியில் கொதிக்கணும், ஈரம் குடித்துவிட்டால் 140 போதும். எங்கள் வண்டியில் இருந்தது எந்த வருஷத்து ஆயில் என்று கார் விற்றவருக்கே தெரிந்திருக்காது. டாட் 4 ஒரு பாட்டில் சில நூறு ரூபாய். 27,000 ரூபாய்க்கு ப்ளோயர் வாங்கின கைக்கு அது தோணலை.

பிஸ்டன் போனதற்கு நண்பனின் அம்மாவிடம் திட்டு வாங்கினோம். பிரேக் போனதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கடைசியாக, எல்லாரும் நழுவிப்போகும் விஷயம். நாங்கள் ரோட்டில் ஓட்டியது தப்பு, சட்டப்படியும் தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாசம் வரை சிறை, ரெண்டுமேகூட. எங்கள் காரில் எத்தனை மாற்றம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். யார் மேலாவது இடித்திருந்தால் இன்ஷூரன்ஸ் வந்து நிற்குமா என்பது அடுத்த கேள்வி. "ஸ்ட்ரீட் பில்ட்" என்று நாம் பெருமையாகச் சொல்வதில் ஸ்ட்ரீட் என்ற வார்த்தைக்கு நம் ஊரில் இடமே இல்லை.

சட்டம் ரொம்ப முரட்டுத்தனமாக இருக்கு என்றும் நினைக்கிறேன். நல்ல பிரேக் போட்டாலும் மாற்றம், கெட்ட ப்ளோயர் போட்டாலும் மாற்றம். பரிசோதித்துச் சான்று கொடுத்து அனுமதிக்கிற ஒரு வழி இருந்தால் எங்களை மாதிரி ஆட்கள் ஒளிந்து செய்யாமல் காட்டிச் செய்வார்கள். ஆனால் அந்த வழி வரும்வரை அடிவாரத்து ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கத்தான் போகிறார்கள்.

இடம் இல்லாமல் இல்லை. மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை சீட் ரேஸ் கார் செய்து காட்டிய கோவை கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, சேலத்திலிருந்து ஒரு விடியற்காலை தூரம். ஃபார்முலா பாரத் போட்டியும் அங்கேதான் நடக்கிறது. 710 சிசிக்குள் இன்ஜின், காற்று முழுக்க 20 மிமீ ஓட்டை ஒன்றின் வழியாகத்தான் போகணும், சூப்பர்சார்ஜர் வைக்கவும் விதி இடம் கொடுக்கிறது. அடுத்த பேட்ச் பசங்க இந்த ஆசையை அங்கே கொண்டுபோனால் எங்கள் நோட்புக்கை அப்படியே தருகிறோம்.

இப்போதைய நிலவரம்: ரீபோர் முடிந்தது. ரிங் கேப் 0.36. பிரேக் ஆயில் மாற்றியாச்சு, பேட் புதுசு, பின்னாடி டிரம் சுத்தம் பண்ணி ஷூவும் மாற்றியாச்சு. ரேடியேட்டர் வேலை நடக்குது. ப்ளோயர் இல்லாமலே முதலில் 1000 கிலோமீட்டர் ஓட்டப்போகிறோம், அப்புறம் லாரியில் ஏற்றி டிராக்குக்கு. ப்ளோயர் சாக்குப்பையில் சுற்றிக் கொட்டாய் மூலையில் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கு. அதை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று நண்பனின் அம்மா இதுவரை ரெண்டு தடவை கேட்டுவிட்டார்.